நான் திறந்த கண்

பத்திரிகையில் கேலிச்சித்திரம் போடுகிறவனுக்கு அடுத்தவர் முகத்தின் மேல் மரியாதை இருக்காது. எனக்கு இருந்ததில்லை. மூக்கு கொஞ்சம் நீளம் என்றால் பிடித்து இன்னும் இழுப்பேன். தாடை தளர்ந்திருந்தால் நெஞ்சுவரை தொங்கவிடுவேன். முப்பது வருஷம் அதில்தான் சோறு தின்றேன். காலையில் ஒரு படம் வரைவேன். மை காய்ந்ததும் உறையில் போட்டு, பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். பொன்னேரியில் ஓர் ஆள் வாங்கி ரயிலேற்றிவிடுவார். மறுநாள் அது அச்சாகி எங்கள் ஊருக்கே திரும்பி வரும். அதற்கும் மறுநாள் டீக்கடையில் அதில் வடை மடித்துக் கொடுப்பார்கள்.

அச்சில் வந்தது எங்கே போனாலும் எனக்குக் கவலையில்லை. என் பைத்தியம் வேறு. படக்கதைகளின் அசல் தாள்களைச் சேர்ப்பேன். அச்சுக்குப் போகும் முன் ஓவியர் தன் கையால் வரைந்த தாள். அச்சில் எல்லாக் கோடும் ஒரே மாதிரி கறுப்பாக, சுத்தமாக இருக்கும். அசலில் அப்படியில்லை. அடியில் நீலப் பென்சில் கோடு தெரியும். மனசு மாறிய இடத்தில் வெள்ளைப் பூச்சு திட்டாக நிற்கும். பேச்சை எழுதி ஒட்டிய துண்டுத்தாள் பழுப்பேறி ஓரத்தில் எழும்பியிருக்கும். ஓரத்தில் டீ கிளாஸ் வட்டம், பசங்க பள்ளிக்கூடச் செலவு என்று ஏதாவது ஒரு கிறுக்கல். ஒரு மனுஷன் எங்கே தடுமாறினான், எங்கே துணிந்து கோட்டை இழுத்தான் என்பதெல்லாம் அசலில்தான் தெரியும். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் பத்திரப்படுத்தவில்லை. அச்சுக்கான பிளாக் எடுத்து முடிந்ததும் அசல் குப்பை. ஓர் அச்சகத்தில் மேசைக்கால் ஆடாமல் இருக்க நான்காக மடித்து வைத்திருந்த பேய்க்கதைப் பக்கத்தை, மேசையைத் தூக்கிப் பிடித்து உருவிக்கொண்டு வந்திருக்கிறேன். பட்டணத்தில் விளம்பரக் கார்ட்டூன் படம் எடுக்கிற ஒரு ஸ்டுடியோவில், கண்ணாடி போன்ற தாள்களில் வரைந்து படமெடுத்ததும் தண்ணீரில் கழுவிவிட்டு அதிலேயே அடுத்த படத்தை வரைவார்கள். கீறல் விழுந்ததால் கழுவாமல் விட்ட ஏழு தாள் எனக்குக் கிடைத்தது. ஓர் அணில் ஓடுகிறது. ஏழு தாளையும் வெயிலுக்குக் காட்டி வேகமாகப் புரட்டினால் ஓர் அடி தூரம் ஓடும், அவ்வளவுதான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் அதன் வால் முதலில் உதிர்ந்தது.

உம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “வூடு பூரா மூஞ்சியா கெடந்தா மலக்குமாருங்க எப்டிடா உள்ள வருவாங்க?” என்பார். உருவப்படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், நுழைய மாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். ஒரு படமும் சுவரில் ஏறக் கூடாது. எல்லாம் மரப்பெட்டியில் கவிழ்ந்து கிடக்க வேண்டும். நான் பார்க்க வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம். திருட்டு வேலை செய்கிறவன் போலத்தான் நான் என் சொத்தைப் பார்த்தேன்.

அந்தப் பெட்டியில் ஆக உசத்தியான சரக்கு பதினான்கு பக்கங்கள். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டை வைத்து ஒரு வாரப் பத்திரிகையில் படக்கதை வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒல்லாந்தர் என்றால் கல்லறைத் தோட்டமும் அதன் வாசலில் நிற்கும் இரண்டு கல் எலும்புக்கூடும்தான். அதைத் தாண்டி யாரும் யோசித்ததில்லை. இந்தக் கதையில் கோட்டை இருந்தது, வெடிமருந்துப் பட்டறை இருந்தது, துணி மூட்டைகளோடு ஆட்களையும் அடிமைகளாகக் கட்டி ஏற்றிப் போன கப்பல் இருந்தது. அதை வரைந்தவர் பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்து, நாள்கணக்கில் தங்கி, படகுகளையும் மனிதர்களையும் பார்த்து வரைந்தவர். அப்போது நான் பட்டணத்தில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தேன், ஊர் திரும்பியது பிறகுதான். அவர் எங்கள் ஊரில், நான் அவர் ஊரில். நேரில் பார்த்ததே கிடையாது.

கதை முடிவதற்குள் பத்திரிகை நின்றுவிட்டது. கடைசி அத்தியாயத்தின் பதினான்கு பக்கங்கள் அச்சேறவில்லை. அவர் இறந்து பல வருஷம் கழித்து அவர் மனைவி அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். “இதை ஒழுங்கா வெச்சிருங்க, அதுபோதும்” என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த வார்த்தையை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டங்கள். ஏரியில் கழி ஊன்றித் தள்ளும் ஒரு படகோட்டி, கப்பலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த நாலு பேரைத் தன் படகில் வலைக்கு அடியில் படுக்கவைத்து, பட்டப்பகலில் கோட்டைக்கு எதிரிலேயே படகைத் தள்ளிக்கொண்டு போகிறான். நான்கு கட்டங்களில் அவன் முதுகுதான் தெரியும். ஐந்தாவதில் தூரத்தில், ஏரி நடுவில், கட்டைவிரல் உயரத்தில் நிற்கிறான். ஆறாவது கட்டம் பெரியது. பாதிப் பக்கத்துக்கு அவன் முகம் மட்டும். நேராக நம்மைப் பார்க்கிறான்.

அந்த முகத்தில் இடது கண் பாதி மூடியிருந்தது. இமை இறங்கி, கண்ணின் கீழ்க்கோடு கொஞ்சம் கோணியிருந்தது. அந்தப் பக்கத்துப் புருவமும் சரிந்திருந்தது.

எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். அவருக்குக் கடைசி வருஷங்களில் கை நடுக்கம் இருந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். வேறு பக்கங்களில் கோடுகள் அலைந்திருந்ததையும் பார்த்திருந்தேன். பாவம், கடைசிக் கட்டத்தில் கை ஏமாற்றிவிட்டது, திருத்த நேரமில்லாமல் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். நானும் தொழில்காரன் அல்லவா. ஒரு கோடு பிசகியிருந்தால் என் கண்ணில் முதலில் அதுதான் படும்.

அந்தச் சமயத்தில் ஒரு சின்னப் பதிப்பகத்தார் முழுக் கதையையும் புத்தகமாகப் போட முன்வந்தார்கள். கடைசி அத்தியாயம் என்னிடம்தான் இருந்தது. அச்சுக் காமிராவுக்கு அனுப்பும் முன் பக்கங்களைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். தூசி துடைப்பது, எழும்பிய துண்டுகளை ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. நான் அதோடு நிற்கவில்லை.

அரை பிளேடை எடுத்தேன். கனத்த தாளில் மையை அழிக்க வேண்டுமென்றால் எங்கள் தொழிலில் பிளேடால் மெல்லச் சுரண்டுவோம். மையோடு தாளின் மேல்தோலும் பொடியாக வந்துவிடும். இடது கண்ணை அப்படிச் சுரண்டினேன். புருவத்தையும் சுரண்டினேன். பொடியை ஊதிவிட்டு, வெள்ளை பூசி, காயவைத்து, மெல்லிய நிப்பால் வலது கண்ணைப் பார்த்து இடது கண்ணை வரைந்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே ஒளி. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவருடைய கோடு மாதிரியே என் கோடும் விழுந்திருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெரிய கலைஞனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு மத்தியானம் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

புத்தகம் வந்தது. அட்டையில் கல்லறை வாசல். கடைசிப் பக்கத்தில் இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கும் படகோட்டி. ஒருவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஓர் அம்மாள் வீடு தேடி வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவராக இருப்பார். கையில் மீன்கூடையில்லை, துணிப்பை ஒன்று இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வாசல்படிக்கு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

“பாய், இது நீங்க போட்டதாமே?”

“நான் போடல தங்கச்சி. வரைஞ்சவரு இறந்துட்டாரு. கொஞ்சம் பக்கம் என்கிட்ட இருந்துச்சி, குடுத்தேன்.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

“இது எங்க வூட்டுக்காரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அவருடைய மகள் தினமும் மீஞ்சூருக்குக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டு கடையில் அட்டையில் நம்ம ஊர்க் கல்லறை இருக்கிறதே என்று இந்தப் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறாள். அதைப் புரட்டிப் பார்த்த அம்மாவுக்குக் கழி பிடித்த கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மகள் வயிற்றில் இருக்கும்போது ஓர் ஓவியர் வந்து, அவர் கணவரின் படகில் ஏறிக்கொண்டு மூன்று நாள் ஏரியைச் சுற்றியிருக்கிறார். கடைசி நாள் கணவரையே எதிரில் நிற்கவைத்து ஒரு பெரிய தாளில் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மறுவருஷம், குழந்தைக்கு நடை வரும் முன்னே, முகத்துவாரத்தில் காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் கரைசேர்ந்தார்கள். அவர் கிடைக்கவே இல்லை.

“போட்டோ கீட்டோ ஒண்ணும் கெடையாது பாய். சுண்ணாம்புக்குளத்துல எங்க ஆத்தா வூட்டு வாசல்ல தாலி கட்டுனாரு. அன்னிக்கு யாரு போட்டோ புடிச்சா? சாடை பாக்கக் கூடப் பொறந்தவங்களும் இல்ல. வருசா வருசம் அவரு சட்டைய மணையில வெச்சுத்தான் படையல் போடுறேன். எம்பொண்ணு இருவது வருசமா ஒரு சட்டைக்குத்தான் கும்புடு போடுது. அடுத்த மாசம் அதுக்குக் கல்யாணம். நைனா படத்துக்கு மாலை போட்டு, கால்ல வுழுந்துட்டுதான் மணையில ஒக்காருவேன்னு நிக்குது. அதான் வந்தேன்.”

“எடுத்துக்கிட்டுப் போங்க. இந்தப் பக்கத்தையே பெருசா...”

“அதில்ல பாய்.” அச்சடித்த முகத்தின் மேல் கையை வைத்தார். “கழுத்து அவருது. தோளு அவருது. காதுகூட அவருதுதான். மூஞ்சி அவருது இல்ல. அவருக்கு எடது கண்ணு பாதி மூடித்தான் இருக்கும். சின்னதுல கழி அடிச்சு நரம்பு செத்துப்போச்சு. அந்த ஓவியரு அதையும் அப்டியே போட்டுட்டாருன்னு வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. ‘ஐயா, கண்ண மட்டும் கொஞ்சம் தொறந்தாப்ல போட்டுருங்க’ன்னு இவரு கெஞ்சினாராம். ‘அந்தக் கண்ணுக்காகத்தான்யா ஒன்ன வரையறேன்’னு அவரு சொன்னாராம். இதுல ஏன் மாத்திட்டாங்க? மொதல்ல கையால போட்டது இருக்குமா?”

இதில் நான் செய்த காரியங்களில் மிகவும் கேவலமானது பிளேடை எடுத்தது அல்ல. அந்த அம்மாளைப் பார்த்து, “கையால போட்டதும் இப்படித்தாம்மா இருக்கு, அவரே மாத்தியிருப்பாரு” என்று சொன்னதுதான். செத்துப்போன மனுஷன்மேல் பழியைப் போட்டேன். என் நாக்கு அதற்குக் கொஞ்சமும் தயங்கவில்லை.

“காட்டுங்க, ஒருதரம் பாத்துக்குறேன்” என்றார்.

மறுக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுட்டுவிரலால் நெற்றியைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, கன்னத்தைத் தொட்டு, இடது கண்ணுக்கு வந்தார். விரல் நின்றது. இறால் பொறுக்கியும் வலையில் அறுந்த கண்ணைத் தடவிப் பார்த்தும் பழகிய விரல்.

“இங்க மட்டும் சொரசொரன்னு இருக்குதே பாய்.”

இதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். கை நடுங்கிப் பிசகியது என்று நினைத்தேன், சுரண்டினேன், நான்தான் வரைந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டிய பொடி எங்கே என்று கேட்டார். ஊதிவிட்டேன் என்றேன். அவர் தரையைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கும் முந்தைய பொடி, தினம் இரண்டு வேளை பெருக்குகிற தரை. இருந்தும் பார்த்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவரு ஆசைப்பட்டதுதான். கண்ணு தொறக்கணும்னு கேட்டாரு, நீங்க தொறந்துட்டீங்க” என்றார். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, “ஆனா இந்த ஆள எனக்குத் தெரியாது பாய்” என்றார்.

நான் திரும்ப வரைந்து தருகிறேன் என்றேன். அவர் சொல்லச் சொல்ல வரைவேன், சரியாக வரும்வரை வரைவேன் என்றேன். அவருக்கும் வேறு வழியில்லை. நான்கு நாள் வந்தார். காலை படகில் இக்கரைக்கு வந்து, மத்தியானம் திரும்பிப் போவார். இமை எவ்வளவு இறங்கியிருக்கும்? “பாதி.” கோணல் உள்பக்கமா, வெளிப்பக்கமா? “சிரிச்சா வெளிய போவும்.” புருவம்? “அது... பாத்தா சொல்லுவேன்.” நான் வரைந்து நீட்டுவேன். அவர் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்ப்பார். “நல்லா போட்டுருக்கீங்க” என்று திருப்பிக் கொடுப்பார். பதினொரு முகம் வரைந்தேன். பதினொன்றும் ஒரு கண் பாதி மூடிய யாரோ. ஒருவேளை மந்திரிக்குப் பிறகு இன்னொரு மந்திரி என்று முப்பது வருஷம் இழுத்து வளைத்த கைக்கு, ஒரு மனுஷனை அவன் இருக்கிறபடி போடுவது மறந்தே போயிருக்கலாம். நான்காம் நாள் அவர் ஒன்று சொன்னார், அதோடு நிறுத்திவிட்டேன்.

“போதும் பாய். நெறைய பாத்தா எனக்கே அவரு மறந்துடுவாரு போல இருக்கு.”

அவர் போனபின் அசலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று தெரியாமல் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். ஐந்தாவது கட்டம். ஏரி நடுவில் தூரத்தில் நிற்கும் கட்டைவிரல் உயர உருவம். தலை ஒரு பச்சைப்பயறு அளவு. அந்தத் தலையில் வலது கண்ணுக்கு ஓவியர் ஒரு புள்ளி வைத்திருந்தார். இடது கண்ணுக்குப் புள்ளி இல்லை. ஒரு சின்னக் கோடு, கொஞ்சம் கோணலாக.

அவ்வளவு சின்ன இடத்தில் நடுக்கமே இல்லாமல் வைத்த கோடு. அவர் கை எதையும் ஏமாற்றவில்லை. பிளேடை எடுக்கும் முன் நான் ஒருதரம் இந்தக் கண்ணாடியை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. பிழை இருக்கிற இடத்தை மட்டும் தேடுகிற கண்ணுக்கு மற்றதெல்லாம் தெரியாது. அச்சுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அதில் அந்தத் தலை வெறும் கறுப்புப் பொட்டாக அடைந்து போயிருந்தது.

அடுத்த நாளே படகேறி அக்கரை போய்ச் சொன்னேன். உடனே கூடவே கிளம்பி வந்தார். கண்ணாடியைப் பிடித்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துப் பார்த்துப் பழக்கமில்லை அவருக்கு. கிட்டே கொண்டுபோய், எட்டக் கொண்டுபோய், ஓர் இடத்தில் நின்றார்.

“தோ நிக்கிறாரே!”

கண்ணாடியை எடுக்காமல் அழுதார். எனக்கு அங்கே நிற்கத் தெரியவில்லை. வெளியே போய் நின்றேன்.

அந்த உருவத்தை மட்டும் காமிராவில் பெரிதாக்கித் தர முடியுமா என்று தெரிந்த இடத்தில் கேட்டுப் பார்த்தேன். பெரிதாக்கினால் புள்ளி உருண்டையாகவும் கோடு குச்சியாகவும் ஆனது. முகம் இல்லை. அந்த அளவில், அந்த மையில், அந்தத் தாளில்தான் அவர் இருந்தார். தாளைக் கொடுத்துவிட வேண்டியதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் பக்கம் போனால் அத்தியாயம் குறைந்துவிடும், பதிமூன்று பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றெல்லாம் மனசு அலைந்தது. இத்தனைக்கும் பிறகு.

கொடுத்தேன். கெட்டியான அட்டையில் பொருத்தி, நாலு பக்கமும் மரச்சட்டம் அடித்துக் கொடுத்தேன். “கண்ணாடி போடலியா பாய்?” என்று கேட்டார். எங்கள் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடி மையைத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் கண்ணாடியோடு வந்துவிடும். அசல் சேர்க்கிறவர்களுக்கு இது பாலபாடம். இடைவெளி விட்டுத்தான் கண்ணாடி பொருத்த வேண்டும், அதற்குப் பொன்னேரி கடைக்காரர் ஒரு வாரம் கேட்கிறார், கல்யாணம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். படத்தை வேட்டித்துணியில் சுற்றி, குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திப் படகில் ஏறினார்.

மகள் இன்னும் அந்தச் சின்ன உருவத்தைப் பார்க்கவில்லை. தினம் விடிகாலையில் கிளம்பிப் போய் இருட்டியபின் வருகிறவள். கல்யாணத்தன்றைக்குக் காட்டலாம், நீங்களே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று அம்மாள் சொல்லியிருந்தார். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகூர்த்தத்துக்கு ஒருமணி நேரம் முன்பே அக்கரை போனேன். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கெடுத்ததில் ஒரு சிறு பங்கையாவது திருப்பித் தருகிறோம் என்ற நினைப்பு.

பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் புதுத் துண்டு விரித்துப் படத்தை வைத்திருந்தார்கள். சாமந்தி மாலை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். நல்ல பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், அந்தப் பெரிய முகத்தைப் பார்த்து, “ஒங்க வூட்டுக்காரரு இன்னா லட்சணம்! கண்ணு ரெண்டும் பேசுது” என்றார். என் பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமாங்க” என்றார் அவரிடம்.

அப்புறம்தான் கவனித்தேன். பெரிய முகத்தின் நெற்றியில் பொட்டு இல்லை. ஐந்தாவது கட்டத்தில், ஏரி நடுவில், அந்தப் பயறளவுத் தலையை மூடி விரல் அகலத்துக்குச் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இருந்தது.

“அந்தப் பெரிய மூஞ்சிக்குத்தான் வெக்கப் போனாங்க பாய்” என்று அவர் மெதுவாகச் சொன்னார். “நான் வுடல. வேற ஆம்பள நெத்தியில எங்க வூட்டுப் பொட்டு எப்டி? நானே இவருக்கு வெச்சுட்டேன். இத்தினி வருசத்துல மொதத் தரம்.” அவருடைய விரலில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா பாய்?” என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிவதை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் பொட்டு கண்ணாடியின் மேல் விழுந்திருக்கும், துடைத்தால் போயிருக்கும்.

மகளைக் கூட்டி வந்தார்கள். கூரைப்புடவையில், தலை நிறையப் பூவோடு வந்தாள். “கொண்டாந்தீங்களா பாய்?” என்று கையை நீட்டினாள். பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். குனிந்து, அம்மா சொன்ன இடத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி பூராவும் சிவப்பு. சந்தனத்தின் ஈரம் பொட்டைச் சுற்றித் தாளுக்குள் இறங்கியிருந்தது.

“பொட்டுதான் தெரியுது” என்றாள். அம்மா கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

“சொரண்டி எடுத்துட முடியாதா பாய்? நீங்க நல்லா சொரண்டுவீங்கன்னு அம்மா சொன்னாங்களே.”

“முடியாதும்மா” என்றேன். “சொரண்டினா பொட்டோட சேர்ந்து நைனாவும் வந்துடுவாரு.”

மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் கண்ணாடியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மேலே இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்த ஆளைப் பார்க்காமல், கீழே அந்தப் பொட்டைப் பார்த்துக் கைகூப்பித் தரையில் விழுந்து கும்பிட்டாள்.